ஹவானாவில் கடைசி ஆள்

ஹவானாவில் ஒரு ரொட்டிக் கடை. ஆம்பூரிலிருந்து தோல் வியாபாரத்துக்கு வந்திருக்கும் நானும் தோஸ்த் சலீமும் பசியோடு வந்து சேர்கிறோம். வரிசை எதுவும் இல்லை. மரநிழலிலும் எதிர்ப் படிக்கட்டிலும் உட்கார்ந்து சிலர் அரட்டை அடிக்கிறார்கள். நான் நேராகக் கடைக்குள் நுழையப் போகிறேன்.

"கடைசி ஆள் யாருன்னு கேட்டீங்களா?" என்று தடுக்கிறாள் மஞ்சள் சட்டை போட்ட பெண், என் அரைகுறை ஸ்பானிஷுக்கு எட்டும்படி மெதுவாக. "கேளுங்க. கை தூக்கறவங்களுக்கு அடுத்தது நீங்க. அப்புறம் எங்க வேணா உட்காரலாம்."

கேட்கிறேன். அவளே சிரித்துக்கொண்டு கை தூக்குகிறாள்.

அடுத்து கைத்தடியோடு வந்த பெரியவர் அதையே கேட்கிறார். இம்முறை நான் கை தூக்குகிறேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போகிறார்.

உள்ளே தட்டுகள் காலியாகிக்கொண்டே வருகின்றன.

"இன்னாப்பா, ரொட்டி தீர்ந்துடும் போல. வா, ரூமுக்குப் போய்டலாம்" என்கிறான் சலீம்.

"எப்படி வர்றது? அந்தப் பெரியவரு தன் முறைக்கு என்னைத்தான் அடையாளமா வச்சிருக்காரு."

"அப்போ கைக்குட்டைய போட்டுட்டு வா, நம்மூர் பஸ்ல சீட்டுக்குப் போடற மாதிரி."

"இங்க அந்தக் கைக்குட்டையே நான்தான்."