உள்ளே கறுத்த குச்சிகள்

பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் கட்டிங் டேபிளில் நின்றேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினாலே மூச்சு விசிலடித்தது. வேலையை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எனக்கு வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும், பல்லடம் தாண்டி ஒரு திராட்சை நர்சரியில் சேர்ந்தேன். நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். அக்கா என்றே கூப்பிட்டேன்.

தாய்க்கொடிகளில் பென்சில் கனத்துக்குக் குச்சி வெட்டி, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் நட வேண்டும். முதல் வருஷக் கன்றுகள் நன்றாக வந்தன. எல்லாம் விற்றுப் போயின.

இரண்டாம் வருஷமும் குச்சிகள் துளிர்த்தன. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தண்ணீர் ஊற்றப் போனேன். காற்று அசையவில்லை. வரிசை நடுவில் ஒரு கன்று மட்டும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. நிமிர்த்திவிடலாம் என்று தொட்டேன். குச்சி கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை.

பக்கத்தில் செழிப்பாக நின்றதை இழுத்தேன். அதற்கும் வேர் இல்லை. அடுத்ததற்கும் இல்லை. குச்சிக்குள் மிச்சமிருந்த ஈரத்தைக் குடித்தே இலை விட்டு, பற்றுக்கம்பி நீட்டி, உயிருள்ளவை போல நின்றிருந்தன. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு குச்சியைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளைக் கட்டையில் ஊசியால் குத்தியதுபோல வட்டமாகக் கரும்புள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தார் மாதிரி ஏதோ கசிந்து மேலே வந்தது.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்று கத்தினேன்.

அக்கா குச்சியை வாங்கி மோந்து பார்த்தார். "சாயத்தண்ணி கெணத்துல எறங்கிருச்சாட்டம் இருக்குது" என்றார். சாயப்பட்டறைகள் நிறைந்த எங்கள் வட்டாரத்தில் எது செத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். புதுக் குச்சிகள் நட்டு, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அவற்றிலும் இலை வந்தது, வேர் வரவில்லை.

கடைசியில் வேளாண் கல்லூரியிலிருந்து பயிர் நோய் பார்க்கும் ஒருவரை அக்கா அழைத்து வந்தார். அவர் நேராகத் தாய்க்கொடிகளிடம் போனார். பந்தலில் அவை பளபளவென்று நின்றன. ஒரு கொடியின் தண்டை ரம்பத்தால் அறுத்தார். உள்ளே பாதிக் கட்டை காப்பிப்பொடி நிறத்தில் இறுகிக் கிடந்தது.

"பூஞ்சாணம்மா. வெளிய ஒண்ணும் காட்டாது. உள்ள வருஷக்கணக்கா இருக்கும்" என்றவர், "குச்சி வெட்டுறது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குப் போறப்போ கத்தரியை மருந்துல முக்குவீங்களா?"

"இல்ல சார்."

"ஊறப்போடுற தண்ணி?"

"வாரத்துக்கு ஒருக்கா மாத்துவோம்."

அவர் என்னைத் திட்டவில்லை. கத்தரியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். கொடி கொடியாக நோயைச் சுமந்து போனது என் கை என்று அப்போது புரிந்தது. அன்று சோறு பிசைய அந்தக் கையை இலையில் வைக்கவே கூசியது.

கெட்ட கொடிகளை வெட்டி எரிக்கச் சொன்னார். ஊறப்போடும் தொட்டியை மண் போட்டு மூடச் சொன்னார். நல்ல கொடியின் குச்சிகளை ஐம்பது டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்த கரைசலில் நனைத்து நட வேண்டும். சூடு கூடினால் மொட்டு வெந்துவிடும், குறைந்தால் நோய் பிழைத்துக்கொள்ளும். அண்டாவில் விறகு எரித்து முயன்றோம். முதல் கட்டு கீரைத்தண்டு மாதிரி வெந்து போனது.

எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டுக்காரரான பாய், ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். சாம்பிள் துணிக்குச் சாயமேற்றும் சின்னத் தொட்டி அங்கே உண்டு, வைத்த சூட்டில் அப்படியே நிற்கும். முதலாளியிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வரச் சொன்னார். மிஷின்கள் நின்றுபோன பட்டறையில் பகலிலும் இருட்டு, ஈர நெடி. தொட்டியை எத்தனை முறை கழுவியும் தண்ணீரில் நீலம் லேசாக ஓடியது. அது தெளிந்த பிறகே குச்சிகளை இறக்கினோம். தண்ணீர் சுழல, அவை உள்ளே சுவரில் தட்டிக்கொண்டே இருந்தன. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"டிகிரி எனக்குத் தப்பாதும்மா" என்றார் பாய், சூடு காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நட்டு ஒரு மாதமாகியும் ஒரு மொட்டுகூட விரியவில்லை. வரிசை வரிசையாக மொட்டைக் குச்சிகள். அக்கா அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு பையைக் கிழித்தேன். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர்! இலை அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது.

அக்காவுக்கு அத்தோடு மனசு ஆறவில்லை. எங்கள் முதல் வருஷக் கன்றுகளை வாங்கிய ஒரு விவசாயி அவிநாசிப் பக்கம் இருந்தார். பஸ் ஏறிப் போனோம். பந்தல் நிறையப் பச்சை, கொத்துக் கொத்தாகக் காய்.

"எங்க குச்சியில நோவு இருந்துருக்குதுங்க. புடுங்கிருங்க, புதுசு நாங்க தர்றோம்" என்றார் அக்கா.

"ஏனுங்க, காய் புடிச்சு நிக்குது. இதையப் போயிப் புடுங்கச் சொல்றீங்களே" என்று அவர் சிரித்தார். நான் ஒரு கிளையை வெட்டிக் காட்டினேன். கரும்புள்ளிகள் இருந்தன. அவர் அதை வாங்கி வேலியோரம் எறிந்துவிட்டார்.

அடுத்த கோடையில் அவரே போன் செய்தார். போய்ப் பார்த்தால், வெந்நீர் ஊற்றியதுபோல இலைகள் வதங்கிக் கிடந்தன, பழங்கள் கொடியிலேயே சுருங்கித் தொங்கின. "காலையில பச்சையா இருந்துச்சுங்க. நான் சாப்புட்டு வர்றதுக்குள்ள இப்படி" என்று பந்தலடியில் நின்றபடியே சொன்னார்.

கொடிகளைப் பிடுங்க நாங்களும் கூடப் போனோம். ஒவ்வொன்றையும் அவர் அறுத்து உள்ளே பார்த்த பிறகுதான் நெருப்பில் போட்டார். ஆடியில் புதுக் கன்றுகளை நட்டோம், நன்றாகவே ஏறின. ஆனாலும் நான் போகும்போதெல்லாம் அவர் ஏதாவது ஒரு கொடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு, "இது உள்ள எப்படிங்க இருக்கும்?" என்று கேட்பார்.

வெட்டாமல் சொல்ல முடியாதுங்க என்பேன். தண்டை விட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போவார்.