அந்த ‘ஹீ’ யார்

வேலையில் அடுத்த தரத்துக்குப் போவதற்கு எனக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று மிச்சம் இருந்தது. நெடுந்தீவில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகப் பல வருடம் இருந்துவிட்டேன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளை வாசித்து விளங்கிக்கொள்வேன். ஆனால் ஒரு பந்தியைத் தந்து, கீழே கோடிட்ட சொல் யாரைக் குறிக்கிறது என்று கேட்டால் கை வியர்த்துவிடும். இரண்டு ஆண்கள் வரும் பந்தியில் எந்த ‘ஹீ’ எவர் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். முதல் தடவை நான் தவறியதும் அப்படித்தான்.

தீவுப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் எங்களில் நாலைந்து பேருக்குப் பின்னேரங்களில் வகுப்பு எடுத்தார். என்னைவிட வயதில் இளையவர். வேலணையிலிருந்து வந்து கிழமை நாட்களில் இங்கே தங்குபவர். “ஹீ எண்டு கண்டால் பின்னால போய்ப் பாருங்கோ. கிட்ட இருக்கிற ஆம்பிளை ஆர்? அவர் பொருந்தேல்லையெண்டால், முதல் வசனத்தின்ர எழுவாய் ஆர்?” என்பார். நான் ஒவ்வொரு ‘ஹீ’யிலிருந்தும் ஒவ்வொரு பெயருக்கு பென்சிலால் அம்புக்குறி போடுவேன். போட்டு முடிந்ததும் பாதியை அழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் தடவைப் பரீட்சை ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில். காலைப் படகில் புறப்பட்டேன். ரீச்சரும் வீட்டுக்குப் போக அதே படகில் வந்தார். என் மச்சாளும் வந்தாள். அவள் என் தம்பியின் மனைவி. தம்பி கனடா போய் மூன்று வருடம். அங்கே அண்ணன் குடும்பத்தோடு தங்கி வேலை செய்தான். மச்சாளைக் கூப்பிடும் அலுவல் அப்போதுதான் சரிவரத் தொடங்கியிருந்தது. கடவுச்சீட்டு அளவுப் படம் எடுக்க அவள் யாழ்ப்பாணம் வந்தாள். அதற்காகவே தலைக்கு முழுகி, புதுச் சட்டை போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

படகு இறங்குதுறையை விட்டு விலகும்போது என் கைத்தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. அண்ணனின் மகள் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. செய்தி இவ்வளவுதான்:

மாமி, சித்தப்பா இன்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் நிறுத்தும் இடத்தில் ‘ஹீ’ மயங்கி விழுந்துவிட்டார். ‘ஹிஸ்’ இதயத்தில் அடைப்பாம். இப்போது ‘ஹீ’ ‘ஹிம்’மோடு உள்ளே இருக்கிறார். அப்பம்மாவுக்கு இன்னும் சொல்ல வேண்டாம்.

அவள் அப்பா என்றது என் அண்ணனை. சித்தப்பா என்றது என் தம்பியை. அப்பம்மா எங்கள் அம்மா. அவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

விழுந்தது யார்?

முதலில் தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் பரீட்சைக்காரி போல அந்தச் செய்தியை வாசிக்கத் தொடங்கினேன். கிட்ட இருக்கும் ஆண் அப்பா. அப்படியென்றால் அண்ணன். முதல் வசனத்தின் எழுவாய் சித்தப்பா. அப்படியென்றால் தம்பி. அண்ணனுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரும் அவர்தான். தம்பிக்கு நாற்பதும் ஆகவில்லை, ஒரு தலையிடி என்று படுத்தவனில்லை. தம்பி விழுந்திருந்தால் பிள்ளை அப்பம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றதோடு விட்டிருப்பாளா? சித்திக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருப்பாளே. அண்ணன்தான், அண்ணன்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த வசனங்களின் ஒழுங்கு என்னைப் பயப்படுத்தியது. ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்திருந்தது. பெற்ற தகப்பன் விழுந்து கிடக்கும்போது ஒரு பிள்ளை இப்படி எழுதுமா? அழுதுகொண்டு அழைப்பல்லவா எடுத்திருக்கும்? அந்த எண்ணம் வந்த உடனேயே அதைத் தள்ளிவிட்டேன். பக்கத்தில் மச்சாளின் தோள் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது அண்ணனாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வாயால் கும்பிட்டேன். என்றாலும் அந்த ‘ஹீ’யைப் பிடித்து அவர் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தேன்.

அழைப்பு எடுத்துப் பார்த்தேன். கடலுக்குள் வந்துவிட்டதால் தொடர்பு கிடைக்கவில்லை.

“என்ன மச்சாள், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? கடல் பிடிக்கேல்லையோ, சத்தி வருதோ?” என்று மச்சாள் கேட்டாள்.

“இல்லை. சோதினைப் பயம்.”

“நீங்கள் பாஸ் பண்ணுவியள். இந்த முறை நல்லாப் படிச்சனீங்கள்தானே” என்று சொல்லி, கைப்பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்துத் தந்தாள். அந்த எலுமிச்சை வாசத்தை முகர்ந்துகொண்டு இருந்தேன். எழுந்துபோய் எதிர்ப் பக்கத்தில் இருந்த ரீச்சரிடம் தொலைபேசியை நீட்டினேன். எங்கள் உறவுமுறைகளை மெதுவாகச் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார். 

“இதில ஆரெண்டு சொல்ல ஏலாது அக்கா. ரெண்டு விதமாயும் சரி. சோதினையில இப்பிடி ஒரு வசனம் தரமாட்டினம்.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“தோணுறதைச் சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு.” பிறகு மச்சாள் இருந்த பக்கம் பார்த்தார். “அவவுக்குத் தெரியுமோ?”

“இல்லை. ஆரெண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?”

அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். நான் திரும்பிவந்து மச்சாளின் பக்கத்திலேயே இருந்தேன். படம் எடுக்கும்போது தோடு போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றேன். காது தெரிய வேண்டுமாமே என்றாள். ஓம், காது தெரிய வேண்டும் என்றேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் பேசியதெல்லாம் இப்படித்தான்.

குறிகட்டுவானில் இறங்கியதும் அண்ணனுக்கு எடுத்தேன். மணி அடித்து நின்றது. தம்பிக்கு எடுத்தேன். அதுவும் அப்படியே. பிள்ளையின் தொலைபேசி அணைந்திருந்தது. ரீச்சரும் எங்கள் பேருந்திலேயே ஏறினார். யன்னல் பக்கம் இருந்தபோது மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

“உங்களுக்குச் சோதினைப் பயமில்லை. ஆருக்கு எடுக்கிறியள்?”

அதற்கு மேல் என்னால் ஏலாமல் போய்விட்டது. தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன். அவள் சாதாரண தரம் வரை படித்தவள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உதடு அசைய வாசித்தாள். பேருந்து மடத்துவெளியைத் தாண்டும்வரை அவள் விரல் இரண்டாம் வரியிலேயே நின்றது.

“அண்ணையெண்டுதான் நினைக்கிறன்” என்று நான் தொடங்கினேன். “இலக்கணப்படி பாத்தால், கிட்ட இருக்கிற...”

“இது இவர்தான்” என்றாள்.

“எப்பிடிச் சொல்லுறீர்?”

“பெரியண்ணை விழுந்திருந்தால் இவர் எனக்கு எடுத்திருப்பார். என்ன நடந்தாலும் முதல் எனக்குத்தான் எடுப்பார். எடுக்கேல்லை.”

அவள் அழவில்லை. தொலைபேசியைத் திருப்பித் தந்தாள். பிறகு, “தெரிஞ்சுகொண்டு எனக்குப் பக்கத்திலயே இருந்தனீங்கள்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வேலணைக்கு முந்திய தாம்போதியில், கடலுக்கு நடுவே போகும் சாலையில், அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம். காதில் வைத்தேன்.

“பிள்ளை, நான்தான். அவன் விழுந்திட்டான்.”

அண்ணனின் குரல். தம்பியைத் தவிர வேறு யாரையும் அண்ணன் எங்கள் வீட்டில் ‘அவன்’ என்று சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணன் உயிரோடு, நல்ல குரலில் பேசிக்கொண்டிருக்கிறார், எனக்கோ சந்தோசப்படத் தெரியவில்லை. ஒரு காலை முழுவதும் அவரைத் தரையில் விழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அங்கே அப்போது வெள்ளி இரவு. தனக்குச் சீனி கூடியதால் தம்பிதான் காரில் கூட்டிப்போனான் என்றார். காரை நிறுத்திவிட்டு இறங்கியவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசல் என்றபடியால் உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பேருடைய தொலைபேசிகளும் காருக்குள் கிடந்தன, கூட வந்த மகளுடையது சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. தாதி ஒருவரின் தொலைபேசியிலிருந்து பேசுகிறார். இப்போது அடைப்பை எடுக்கிறார்கள். “மச்சாளுக்கு எப்பிடிச் சொல்லப்போறாய்?” என்று கேட்டார். நான் தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன்.

வேலணையில் ரீச்சர் இறங்கும்போது எங்கள் இருவரையும் தன்னோடு இறக்கிக்கொண்டார். “சோதினை பிறகும் வரும்” என்றார். அவருடைய வீட்டு முன்னறையில் இரண்டு கதிரைகளை யன்னலோரம் இழுத்துப் போட்டார், அங்கேதான் தொடர்பு நல்லாகக் கிடைக்குமாம். தேநீர் ஆறிப் பாலாடை கட்டியது. மச்சாள் தொலைபேசியை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் தலையை ஆட்டினாள். சுவர் மணிக்கூடு பத்து அடித்தபோது, இப்போது வினாத்தாளைக் கொடுத்திருப்பார்கள் என்று ஒரு நினைவு வந்துபோனது. அந்த நேரத்தில் அது வந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

மத்தியானத்துக்குச் சற்று முன் மறுபடி மணி அடித்தது. மச்சாள் எடுத்தாள். தம்பியின் மெலிந்த குரல் எனக்கும் கேட்டது. பிறகு, “நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

பின்னேரப் படகில் திரும்பினோம். அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். பெடியனுக்குச் சுகமில்லாமல் வந்து இப்போது பரவாயில்லை என்று தொடங்க, அம்மா இடைமறித்து, “எந்தப் பெடியன்?” என்றார். ஒரு கணமும் தயங்காமல் தம்பியின் பெயரைச் சொன்னேன்.

தம்பி பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பினான். அண்ணனின் மகளோடு ஒருநாள் கதைத்தபோது, “ஹீ எண்டு எழுதாமல் ஆரெண்டு எழுதியிருக்கலாமே பிள்ளை” என்றேன். “மாமி, எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றாள். உண்மைதான். அவள் சித்தப்பா விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தவள்.

மச்சாள் படம் எடுக்க மறுபடி போகச் சில கிழமைகள் ஆயின. அதற்கிடையில் அவள் என்னோடு கோபிக்கவில்லை. ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு காலையில் எங்கள் குசினிக்குள் வந்து, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த என் முன்னால் நின்றாள்.

“படகில வரேக்க, அண்ணையெண்டு நினைச்சனீங்களோ? அண்ணையா இருக்கட்டும் எண்டு நினைச்சனீங்களோ?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. “இருக்கட்டும் எண்டு” என்றேன். “நீர் பக்கத்தில இருந்தபடியால்.”

 அவள் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்தாள்.

“பெரியண்ணைக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ” என்றாள்.