குப்பம் என்றால் அடியாளா?

போன சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்லூரிப் போட்டி. நாட்டுப்புறக் கதைகளில் வரும் பாத்திர வகைகளை வைத்து இன்றைய சினிமாவை அலச வேண்டும். மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். சும்மா உட்கார்ந்து மார்க் போடுகிற வேலைதானே என்று போனேன். ரத்தம் கொதிக்கத் திரும்பினேன்!

முதல் நான்கு பேரும் ஒரே பாட்டு... இளவரசன்தான் ஹீரோ, அரக்கன்தான் வில்லன்.

ஐந்தாவதாக வந்தவள் நித்யா. கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அவள் அப்பா ஏழுமலை, கடலுக்குப் போகிறவர், வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார்.

"ஆத்துல பெட்டியில வச்சு உட்ட கொழந்தைய எடுத்து வளத்தது யாரு? மீன் வயித்துல கெடந்த மோதிரத்த ராஜாகிட்ட குடுத்தது யாரு? மீனவன்தான? கதையில நாங்க காப்பாத்துறவங்க. சினிமாவுல மட்டும் ஏன் அடியாளாவே வர்றோம்?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் சினிமா பற்றி எழுதுகிறேன், எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

பக்கத்திலிருந்த நடுவர், குறும்படம் எடுப்பவர், மைக்கைப் பிடித்தார்.

"வில்லனுக்கும் உதவியாள் வேணும்லமா? அது ஒரு டைப். பர்சனலா எடுத்துக்கக் கூடாது."

"எங்க ஊர் பேரச் சொன்னா ஹாஸ்டல்ல கூட இருக்குறவங்க ரூம் மாத்திக் கேக்குறாங்க சார். இது பர்சனல் இல்லாம வேற என்ன?"

அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் மார்க் போடும்போது மற்ற இரண்டு நடுவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "உணர்ச்சிவசப்படுறா, ஆய்வு இல்ல." அடேயப்பா! நாலு பேர் ஒப்பித்தது ஆய்வு. பட்டதைச் சொன்னது உணர்ச்சியா? சண்டை போட்டேன். இரண்டுக்கு ஒன்று — தோற்றேன். பரிசு இளவரசன் கட்சிக்கே போனது.

வாசலில் ஏழுமலை முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன்.

"உடுங்க சார். வெள்ளத்தப்ப பைபர் போட்டை லாரில ஏத்திக்குனு புவனகிரி பக்கம் போனோம். ஜனங்கள கரை சேத்தோம். அன்னைக்கு எங்களப் பாத்து யாரும் பயப்படல."

அந்த நேரம் பார்த்துக் குறும்படக்காரர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நாளைக்கு உங்க ஊருக்கு வந்தா நல்ல வஞ்சிரம் கிடைக்குமா?"

"தாராளமா வாங்க சார்" என்றார் ஏழுமலை, மரியாதையாக.

நித்யா குறும்படக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க ஊருக்கா சார்? தனியாவா வர்றீங்க? பயமா இருக்காது?"

அந்தக் கேள்விக்கு மார்க் போட என் கையில் தாள் இல்லாமல் போயிற்றே!