கூடாரத்தில் நான் பேசிய சீனாக்காரன்

பேசும் படம் வருவதற்கு முன்பு, ஓடுகிற படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று பேச வேண்டும். ஆம்பூர் ரயிலடிக்கு எதிரே இருந்த காலி மனையில் கூடாரம் போட்டுப் படம் காட்டிய காலத்தில் அந்த ஆள் நான்தான். பகலில் ஒரு தோல் டேனரியில் குமாஸ்தா. சென்னைக்குப் போய் அங்கிருந்து கப்பலேறும் தோல் கட்டுகளுக்கு இங்கிலீஷில் சீட்டு எழுதுவது என் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது. கூடாரத்து முதலாளி வேலூர்க்காரர். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த, உரக்கக் கத்தக்கூடிய ஆள் வேண்டும் என்று தேடியவருக்கு யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள்.

படத்தின் நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். அதைப் படித்துத் தமிழில் சொல்லி, ஹிந்துஸ்தானியிலும் இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டும். எழுத்து இரண்டு வரிதான் இருக்கும். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷத்துக்கு எழுத்தே வராது. அந்த ஐந்து நிமிஷமும் வாயை மூடிக்கொண்டு நின்றால் மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். "இன்னாய்யா, தூங்கிட்டியா?" என்று கேட்பார்கள். அதனால் நானே ஏதாவது சொல்லி நிரப்புவேன். அமெரிக்காவில் பெண்கள் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்கள் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரு படத்தில் அப்படிப் பார்த்தேன், அவ்வளவுதான் ஆதாரம். நான் சென்னையைத் தாண்டிப் போனவனில்லை.

மறுநாள் டேனரியில் ஆட்கள் வந்து சந்தேகம் கேட்பார்கள்.

"ஏன் சார், அந்த ஊர்ல மாமியாரே கிடையாதா? ஒரு படத்துலயும் காட்டல."

"கல்யாணம் ஆனதும் தனியா போய்டுவாங்க" என்பேன். தெரியாது என்று சொன்னதாக ஞாபகமே இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தொடர் படம் வந்தது. வாரத்துக்கு ஒரு பாகம். ஒரு துறைமுகப் பட்டணத்தில் பணக்கார வெள்ளைக்காரர் ஒருவருடைய மகளை ஒரு சீனாக்காரன் கடத்திக்கொண்டு போகிறான். அவன் அபின் கடை வைத்திருக்கிறான். தொளதொளச் சட்டை, முதுகில் சடை. ஒவ்வொரு பாகத்திலும் பெண் தப்பிக்கப் பார்ப்பாள், அவன் மறுபடி பிடித்துவிடுவான். கூடாரம் நிரம்பி வழிந்தது. குடியாத்தத்திலிருந்தும் நெசவுக்காரர்கள் வந்தார்கள்.

முதல் பாகத்திலேயே ஒரு சிக்கல். அவன் பெண்ணின் வாயைப் பொத்துவது தெரிந்தது, அடுத்த காட்சியில் அவள் அபின் கடைக்குள் இருந்தாள். நடுவில் எப்படிப் போனாள் என்று படத்தில் இல்லை. ரீல் அறுந்து ஒட்டியதில் போயிருக்கலாம். ஜனங்கள் கேட்பதற்குள் நான் சொன்னேன்: "மூட்டைக்குள்ள போட்டுக் கட்டிட்டான்! சீனாக்காரன் வழக்கமே அதான். பகல்ல துணி விக்கிறவன் மாதிரி வருவான், போறப்போ மூட்டையில புள்ள இருக்கும்!" பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு 'ஐயோ' வந்தது. அந்த 'ஐயோ' எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தடுத்த பாகங்களிலும் மூட்டையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

தெருப் பிள்ளைகள் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு சீனாக்காரன் விளையாட்டு விளையாடினார்கள். அழுகிற குழந்தையை அடக்க அம்மாக்கள் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆறாவது பாகமோ ஏழாவது பாகமோ நடந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பெங்களூர் பக்கமிருந்து வந்த ரயிலில் ஒரு சீனாக்காரர் இறங்கினார். அப்போதெல்லாம் சீனர்கள் சிலர் சைக்கிளில் பட்டுத்துணி வைத்து ஊர் ஊராக விற்று வந்தார்கள். சென்னையில் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் ஊருக்கு வந்தவர் எனக்குத் தெரிந்து அவர்தான் முதல் ஆள். நாற்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி, காக்கிக் கால்சட்டை. சைக்கிளின் பின்னால் பெரிய துணி மூட்டை. மசூதிக்குப் பக்கத்தில் வழிப்போக்கர்களுக்காக இருந்த முசாபர்கானாவில் தங்கினார்.

இரண்டு நாள் தெருத் தெருவாகப் போனார். கதவுகள் சாத்திக்கொண்டன. என் மனைவியும் சாத்தினாள். சாயங்காலம் என்னிடம், "அந்த ஆளு நம்ம வூட்டாண்ட வந்தான். கொழந்தைங்கள உள்ள இட்டுக்கினு தாப்பா போட்டேன்" என்றாள். நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், என் பேச்சு இவ்வளவு தூரம் வேலை செய்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் டேனரியில் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் கூச்சல் கேட்டது. எங்கள் டேனரியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் பெண் ஒருத்திக்கு நாலு வயதில் ஒரு மகள். அம்மாவோடு வேலைக்கு வந்து அங்கேயே விளையாடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் குழந்தையைக் காணவில்லை. அந்த நேரம் பார்த்து சீனாக்காரர் டேனரி வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் வெளியே வந்தபோது அவர் தரையில் கிடந்தார். முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் எனக்குப் பழக்கமானவர்கள். அவர் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது. தோல் சீவுகிற கத்தியால் மூட்டையின் கயிற்றை அறுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே துணியைத் தவிர எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் யாரும் நிறுத்தவில்லை. பட்டுச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எறிந்தார்கள். சில சாக்கடையில் விழுந்தன, சில மயிர் உதிர்க்கத் தோல் ஊற வைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தன.

"விடுங்கய்யா, அவரை விடுங்க!" என்று கத்தினேன். கூடாரத்தில் ஐந்நூறு பேருக்குக் கேட்கிற குரல் அங்கே பத்துப் பேருக்குக்கூடக் கேட்கவில்லை. குழந்தையின் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்கதானே சொன்னீங்க? மூட்டையில போட்டுக்கினு போவான்னு நீங்கதானே சொன்னீங்க? எம் பொண்ண எங்க வெச்சிருக்கான்னு கேளுங்க சார்!"

 

தோல் தரம் பிரிக்கும் பாய் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். என் வயதுதான். அவர் கூட்டத்துக்குள் புகுந்து அந்த மனிதர்மேல் குனிந்து நின்றுகொண்டார். இரண்டு அடி அவர் முதுகிலும் விழுந்தது. ஹிந்துஸ்தானியில் ஏதோ கேட்டார். கீழே கிடந்தவர் உடைந்த ஹிந்துஸ்தானியில் பதில் சொன்னார். அந்த மனிதருக்குப் பேச்சு வருகிறது என்பதே சிலருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அடித்த கைகள் கொஞ்சம் தளர்ந்தன.

அப்போது பட்டைக் கொட்டகையிலிருந்து ஒரு கிழவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டிக் குவித்திருந்த ஆவாரம்பட்டைக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டிருக்கிறது. கன்னமெல்லாம் பட்டைத் தூள். அம்மா ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் அவரவர் தொட்டியடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பாயும் நானும் அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கம்பவுண்டர் நெற்றியில் தையல் போட்டார்.  முடிந்ததும் சீனாக்காரர் பாயிடம் ஏதோ கேட்டார். பாய் என்னைப் பார்த்தார்.

"எதுக்கு அடிச்சாங்கன்னு கேக்கறாரு. நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியில் சொன்னேன். படம் ஒன்று ஓடுகிறது, அதில் உங்கள் ஊர்க்காரன் ஒருவன் பெண்ணைக் கடத்துகிறான், அதைப் பார்த்து ஜனங்கள் பயந்துவிட்டார்கள். மூட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. பாய் விடவில்லை. "மூட்டையையும் சொல்லு" என்றார். சொன்னேன்.  அந்தப் படத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றார் சீனாக்காரர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா என்று டேனரிக்கு லீவு. காலையில் நான் முசாபர்கானாவுக்குப் போனபோது, குழந்தையின் அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் வாசலில் நின்றார்கள். மன்னிப்பு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. "துணிய குடுக்கச் சொல்லுங்க சார், அலசித் தரோம்" என்றாள் குழந்தையின் அம்மா. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சாக்கடையில் விழுந்த துணிகளை அலசி மணலில் விரித்தார்கள். நீலமும் மஞ்சளுமாகக் காய்ந்தன. சுண்ணாம்பில் விழுந்தவை மட்டும் தொட்ட இடத்தில் இற்றுப்போய்விட்டன. அவற்றை அவள் தனியாக மடித்து வைத்தாள். குழந்தையை மட்டும் அவள் அழைத்து வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் முதல் ஆட்டம். தலையில் கட்டோடு அவர் பாயுடன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என் காதருகே வந்து, "இன்னாய்யா இது பேஜாரு, அந்தாள எதுக்கு உள்ள வுட்ட?" என்றார். விளக்கு அணைந்தது. நான் எழுத்தை மட்டும் படித்தேன்.

சடைக்காரன் திரையில் வந்ததும் அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு. சிரித்ததில் தையல் வலித்திருக்க வேண்டும், நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். படத்தில் வருகிறவர்களைச் சுட்டிக் காட்ட நான் வைத்திருந்த கோலை வாங்கி, திரையில் இருந்தவனின் மூக்கைத் தொட்டார்.

"நக்லி!" என்றார். "சீனி நஹீ. சாஹப்! சாஹப்!"

பாய் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவன் சீனாக்காரனே இல்லையாம். வெள்ளைக்காரன் வேஷம் கட்டியிருக்கான்றாரு. மூக்கப் பாரு, கண்ணுல மை இழுத்து வுட்டிருக்கறதப் பாரு."

ஆறு வாரமாக அந்த முகத்துக்கு ஒரு கஜ தூரத்தில் நின்று பேசியிருக்கிறேன். கண்ணோரத்தில் மைக்கோடு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அபின் கடைக் காட்சி வந்தது. கடை வாசலில் சீன எழுத்துப் பலகை ஒன்று தொங்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜனங்கள் கேட்டபோது, 'விலை ஜாஸ்தி, உயிர் கம்மி' என்று நான் ஒருநாள் சொல்லி வைத்திருந்தேன். அவர் கோலால் அந்தப் பலகையைத் தட்டித் தலையை ஆட்டினார். அதில் ஒரு எழுத்துகூட எழுத்தில்லையாம், வெறும் கோடுகளாம். தரையிலிருந்து ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து.

ரீல் மாற்றும் இடைவேளையில் விளக்கு வந்தது. நான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. "மூட்டை படத்துல கிடையாது. நான் சேத்தது. அந்தப் பலகையும் நான் சொன்னதுதான்" என்றேன். பெண்கள் பக்கம் நான் திரும்பவில்லை. யாரும் திட்டவில்லை. சோடா விற்கிறவன் கூவ ஆரம்பித்தான்.

சனிக்கிழமை அவர் சென்னை ரயிலில் ஏறினார். சைக்கிளின் வளைந்த சக்கரத்தை ஸ்டேஷன் பக்கத்துக் கொல்லன் நிமிர்த்திக் கொடுத்திருந்தான். பாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குத் தலையை மட்டும் அசைத்தார். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கும் நியாயமில்லை.

தொடர் முடியும்வரை நான்தான் பேசினேன். எழுத்தில் இருப்பதைச் சொல்வேன், இல்லாததைச் சொல்லமாட்டேன். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. முன்னே மாதிரி இல்லை என்று முதலாளியிடம் குறை வந்தது. அடுத்தாற்போல் ஆப்பிரிக்காக் காட்டுப் படம் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைக்கோடு போட்ட ஆட்கள் ஈட்டியோடு குதித்தார்கள். எழுத்தில் 'மனிதரைத் தின்பவர்கள்' என்று இருந்தது. படித்தேன். பிறகு, "படம் எடுத்தவன் இப்படிச் சொல்றான். இந்த ஊர்க்காரங்கள நான் பார்த்ததில்ல. நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

தரையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்போ நீ எதுக்குய்யா அங்க நின்னுகினு இருக்க?"

கூடாரமே சிரித்தது. நியாயமான கேள்விதான். அந்த வாரத்தோடு முதலாளி வேலூரிலிருந்து வேறு ஆளை அழைத்து வந்தார். நல்ல குரல், கேட்பதற்கு முன்பே பதில் சொல்வார். அதற்குப் பிறகும் நானும் பாயும் சில படங்களுக்குப் போயிருக்கிறோம், தரையில் உட்கார்ந்து பார்ப்போம். அந்தப் புது ஆள் ஏதாவது அடித்து விடும்போது பாய் என் முழங்கையில் இடிப்பார். நான் திரையில் இருக்கிறவர்களின் மூக்கையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.