அத்தை வாய் திறக்காத ஆட்டம்

அப்பாவின் கடைசித் தங்கை, எங்கள் அத்தை, விருத்தாசலத்தில் நான் படித்த பள்ளிக்கே கோ-கோ பயிற்சி கொடுக்க வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. உடற்கல்வி படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு பள்ளியில் சில வாரங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தால்தான் படிப்பு முடியும். வீட்டில் அத்தை, மைதானத்தில் மிஸ். செல்போன் நிறைய கோ-கோ வீடியோக்களும் ஊரையே எழுப்பும் குரலும் அவளிடம் இருந்தன. சுண்ணாம்பு கிடைக்காதபோது அப்பா தான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியிலிருந்து வெள்ளை மண் கேட்டு வாங்கிவந்து கோடு போட்டுக் கொடுத்தார்.

கடைசி வாரம் பெண்ணாடத்துப் பிள்ளைகளோடு ஆட்டம். அதைப் பார்க்க அத்தையின் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அடுத்த வருடமும் இதே பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

முதலில் நாங்கள் விரட்டினோம். விரட்டி வருகிறவள் முதுகில் தட்டி ‘கோ’ சொன்ன பிறகுதான் உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஓடலாம். ஆனால் அத்தை கோட்டுக்கு வெளியே கூடவே ஓடிக்கொண்டு, “எழுந்திரு! லெஃப்டுல போ! வுடாத!” என்று கத்தினாள். அவள் கத்தக் கத்த நாங்கள் அவசரப்பட்டு எழுந்தோம். நடுவர் ஃபவுல் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு பெண்ணாடம் விரட்டியது. நாங்கள் மளமளவென்று அவுட் ஆனோம்.

இடைவேளையில் அத்தைக்கு மூச்சு வாங்கியது. “சொன்னத ஏண்டி செய்ய மாட்டேங்கறீங்க?”

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் கேப்டன் அதிகம் பேசாதவள். தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டுச் சொன்னாள்: “தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். நீங்க கத்தறதுல, பின்னாடி கோ சொல்றது காதுலயே வுழ மாட்டேங்குது.”

அவ்வளவுதான், அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.  அத்தை கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப நீயே சொல்லு. யாரு எங்க உக்காரணும்?”

கேப்டன் இரண்டு பேரை இடம் மாற்றினாள். நான் அத்தையிடம் போய், “அத்த, எதனா கத்துங்க. சார் உங்களயே பாக்குறாரு” என்றேன்.

“போய் உக்காருடி. காத மட்டும் தொறந்து வெச்சுக்க.”

இந்த முறை ‘கோ’ ஒவ்வொன்றும் முதுகில் கை பட்டதுமே காதில் தெளிவாகக் கேட்டது. எழுந்தோம், திரும்பினோம், தொட்டோம். எதிரே ஓடியவர்களின் சிரிப்பு நின்றுபோனது. மறுபடி அவர்கள் விரட்டியபோதும் நாங்கள் முன்னைப்போல் சீக்கிரம் அவுட் ஆகவில்லை. ஆட்டம் முடிந்தபோது கொஞ்சம் பாயிண்ட் வித்தியாசத்தில் நாங்கள்தான் ஜெயித்திருந்தோம்.

பேராசிரியர் அத்தையைக் கூப்பிட்டார். “ரெண்டாவது தடவ ஏம்மா பேசாம நின்னுட்ட?”

“அவங்களுக்குத் தெரியுது சார். அது எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அவர் தலையாட்டிவிட்டு, கேப்டனைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் நான்தான் அப்பாவிடம் முதலில் ஓடினேன். “அத்தைக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தீந்துபோச்சுப்பா. நல்லவேள, நாங்க ஜெயிச்சுக் காப்பாத்திட்டோம்!” அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் பெருமையாக இன்னொரு தோசை கேட்டு வாங்கித் தின்றேன்.

அந்த இரண்டாவது முறை முழுக்க அத்தை உதட்டைக் கடித்தபடி, கைகளைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பயம் என்றுதான் அப்போது நினைத்தேன்.