‘வெரி டேஸ்டி’ என்று எழுதிக் கொடுத்தேன்

போன சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போனேன். வாங்காமல் திரும்பி வந்தேன்.

சான்டா கிளாராவில் நான் வழக்கமாகப் போகும் இந்தியன் கடை, வரிசையாகக் கடைகள் உள்ள ஒரு ஸ்ட்ரிப் மாலில் இருக்கிறது. எப்போதும் காரை மாலின் கடைக்கோடியில்தான் பார்க் பண்ணுவேன். அன்றைக்கு அங்கே இடமில்லை. சுற்றிச் சுற்றி வந்து, வேறு வழியில்லாமல் சன்ஹீயின் கடை வாசலில் நிறுத்தினேன். கண்ணாடிக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பெரிய பேப்பர் – ‘ஸ்டோர் க்ளோஸிங்’.

ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகப் பயம். போகாமல் ஓடவும் வெட்கம்.

சன்ஹீ யார்? ஆபீஸில் என் பக்கத்து க்யூபிகிளில் இருந்தவள். கொரியாக்காரி. இருவருமே சாஃப்ட்வேர் டெஸ்டிங். மீட்டிங்கில் நாங்கள் வாயைத் திறந்தால் மேனேஜர் காதைச் சாய்த்து ‘பார்டன்?’ என்பார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைச் சிநேகிதிகளாக்கியது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பிரேக் ரூம் மேஜையில் கலர் கலராகப் பாக்கெட்டுகள். எல்லாம் கொரியன் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ். சுவரில் ஒரு பேப்பர்: பெயர், பாக்கெட், அபிப்பிராயம்.

“எங்க ஆளுங்களுக்குக் கடை ஏற்கெனவே நிறைய இருக்கு. என் ஹஸ்பண்ட் உங்களை மாதிரி மத்தவங்களுக்காக ஒரு கடை போடணும்னு சொல்றார். அதனால உங்க ஒபீனியன்தான் வேணும். உண்மையைச் சொல்லணும், ப்ளீஸ்” என்றாள். (சொன்னது இங்கிலீஷில். தமிழாக்கியது நான்.)

முதல் பாக்கெட்டைப் புரட்டினேன். கொரியன் எழுத்துக்கு மேல் பொடி எழுத்தில் ஒரு இங்கிலீஷ் ஸ்டிக்கர் – இறால் பொடி. இரண்டாவதைப் புரட்டினேன் – மாட்டிறைச்சிச் சாறு. நானோ முட்டை போட்ட கேக்கையே முகர்ந்து பார்க்கிற ஈரோட்டுச் சைவம். மூன்றாவதைப் புரட்டவே இல்லை. எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.

‘நான் வெஜிடேரியன், சாப்பிட மாட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா சாப்பிடறேன்’ என்று அந்த மூன்றாவது பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் அலறினார். “இறால் படம் போட்ட பாக்கெட்டை எல்லாம் எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டு வர்றே? வெளியில போடு மொதல்ல!”

“இதுல இறால் படம் இல்லைங்க, ஏதோ முறுக்கு மாதிரி...”

“என்ன எழவோ, போடு.”

நேரே அபார்ட்மென்ட் குப்பைத் தொட்டி.

திங்கட்கிழமை அந்தப் பேப்பரைப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ‘இன்ட்ரஸ்டிங்’ என்று எழுதியிருந்தார்கள். இந்த ஊரில் இன்ட்ரஸ்டிங் என்றால் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். எனக்கே அது புரிய நாலு வருஷம் ஆனது. மேனேஜர் ‘டிஃபரன்ட்!’ என்று எழுதி ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தார். பாவம் சன்ஹீ என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன்.

‘வெரி டேஸ்டி! எங்கள் ஊர் முறுக்கைவிட நன்றாக இருக்கிறது. கடை திறந்தால் வாரா வாரம் வாங்குவேன் – வசந்தி.’

மூன்று வரி. சாப்பிடாத பண்டத்துக்கு!

இது பொய்யா? அப்போது அப்படித் தோன்றவில்லை. ஒருவர் வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் நம்மில் யார் உப்பு கம்மி என்று சொல்கிறோம்? பிரமாதம் என்று சொல்லிப் பழகிய நாக்கு. இப்படி எட்டு வெள்ளிக்கிழமை, எட்டு பாக்கெட், எட்டு பாராட்டு.

டிசம்பரில் அவள் வேலையை விட்டாள். கேன்டீனில் கேக் வெட்டினோம். ‘கொஞ்சம் யோசிச்சுச் செய்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. கேக்கை விழுங்கிக்கொண்டு ‘ஆல் த பெஸ்ட்’ சொன்னேன்.

கடை திறந்த அன்று போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் சுவரில் ஃப்ரேம் போட்டு ஒன்று மாட்டியிருந்தார்கள். என் மூன்று வரி! பெரிதாக்கி, பிரின்ட் போட்டு, கீழே என் பெயர். “இந்தியன்ஸுக்கே இவ்வளவு பிடிக்கும்னா தைரியமா ஆரம்பிக்கலாம்னு இவர்தான் சொன்னார்” என்று கணவரை அறிமுகம் செய்தாள். அந்த மனிதர் என் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். எனக்குக் கூசியது. நாலு பாக்கெட் வாங்கினேன். அதே குப்பைத் தொட்டி.

அன்றிலிருந்துதான் காரைக் கடைக்கோடியில் பார்க் பண்ண ஆரம்பித்தேன். வாரா வாரம் வருவேன் என்று எழுதியவள், வாரா வாரம் ஒளிந்துகொண்டு போனேன்.

“ஊர்ல பாதி கம்பெனியை இழுத்து மூடிட்டான். நீ எழுதின மூணு வரியாலயா அவ கடை போகுது?” என்கிறார் என் கணவர். நியாயம்தான். எங்கள் டீமிலேயே பன்னிரண்டு பேர் இருந்தோம், இப்போது மூன்று பேர். சன்ஹீயின் க்யூபிகிளில் பிரின்டர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அவள் திரும்பி வர நினைத்தாலும் உட்கார நாற்காலி இல்லை. ஆனால் அவள் வேலையை விட்டபோது ஊர் நன்றாகத்தான் இருந்தது. சுவரில் தொங்கியது ஊர் நிலவரம் இல்லையே... என் பெயர்!

உள்ளே போனேன். பாதி ஷெல்ஃப் காலி. சன்ஹீ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

“டெக்ஸஸ் போறோம். அங்க ஆலன்ங்கற ஊர்ல இவரோட அண்ணன் டிரை க்ளீனிங் கடை வெச்சிருக்கார். அங்க வேலை செய்யலாம்னு...” என்றாள். அவள் கணவர் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்த முறையும் குனிந்து வணங்கினார். அதுதான் தாங்கவில்லை.

“சன்ஹீ, அன்னிக்கு நான் எழுதினது...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். அதேதான். முறுக்கு மாதிரி முறுக்கி விட்டது.

வாழ்க்கையில் முதல் முறையாக அதைப் புரட்டி ஸ்டிக்கரைப் படித்தேன். கோதுமை மாவு, சர்க்கரை, எள், எண்ணெய், உப்பு. அவ்வளவுதான்! இறாலும் இல்லை, மாடும் இல்லை. போன வருஷம் நான் குப்பையில் போட்டது இதைத்தான்.

பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். தீபாவளிக்குச் சோமாசி சுடுவோமே, பூரணம் எட்டாத அந்த முறுகல் ஓரம், அதே ருசி. பின்னாலேயே லேசாக எள் வாசம். கண் கலங்கிவிட்டது.

“ரொம்ப நல்லா இருக்கு, சன்ஹீ. நிஜமா. சத்தியமா நல்லா இருக்கு.”

அவள் சுவரிலிருந்த ஃப்ரேமைக் கழற்றி, தூசியைத் துடைத்து, என்னிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

“நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவே” என்றாள்.

நான் சொன்ன ஒரே உண்மை அது. அதை நம்பத்தான் ஆள் இல்லை!