பவுடர் போடாத தாவீது

மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈசிஆர் சாலையோரப் பட்டறையில் ஃபைபர் படகு செய்யும் தாவீது யாரையும் நம்பமாட்டார். படகு வார்க்கும் பிசினான ரெசின் டின்னைக் கடைக்காரர் கண்ணெதிரேயே உடைத்து முகர்ந்து பார்ப்பார். வாசனை சரியாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். மற்ற பட்டறைக்காரர்கள் ரெசினில் சுண்ணாம்புப் பவுடரைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று கரையெங்கும் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். 'பவுடர் போடாத தாவீது' என்றால் கோவளம் வரை தெரியும்.

அவரிடம்தான் ஸ்வாதி ஒரு மூட்டைப் பவுடரோடு வந்து ஸ்கூட்டியை நிறுத்தினாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"நானோ சிலிக்கா அண்ணா. கண்ணுக்கே தெரியாத துகள். ரெசின்ல நூத்துக்கு ஒரு பங்கு கலந்தா விரிசல் ஓடாம தடுக்கும்."

தாவீது மூட்டையைத் தூக்கினார். தலையணை கனம்கூட இல்லை. "இன்னாம்மா, காத்த மூட்ட கட்டி எத்தாந்துகீற?"

விரட்டித்தான் இருப்பார். ஆனால் மீனவர் ஆனந்தனின் பழைய படகு கரையேறும்போது மூக்கில் பிளந்துபோனது; அது தாவீது செய்தது. இப்போது ஆனந்தனுக்கே செய்துகொண்டிருக்கும் புதுப்படகும் பிளந்தால், கரையில் வேறு யாரும் அவரிடம் வரமாட்டார்கள். மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் போனதும் ஒரு பலகை செய்து பார்த்தார். நூற்றுக்கு ஒரு பங்கு என்பதுதான் உறுத்தியது. இத்தனை கொஞ்சத்தில் பலம் வரும் என்றால் எங்கோ ஏமாற்று இருக்கிறது. கை நிறைய அள்ளிப் போட்டார். ரெசின் கூழாகிவிட்டது, ஃபைபர் இழை விரிப்பில் இறங்கவே இல்லை. காய்ந்தபின் சுத்தியலால் ஒரு தட்டு. அடுக்கடுக்காய் உரிந்தது. அன்றைக்கு அவருக்கு நிம்மதியான சாப்பாடு.

"பாத்தியா உன் பவுடர?" என்றார் மறுநாள்.

ஸ்வாதி உடைசலில் இருந்த வெள்ளைக் கட்டிகளைப் பார்த்தாள். "எவ்ளோ போட்டீங்க?"

"தாராளமாத்தான் போட்டேன். நான் இன்னா கஞ்சனா?"

"அதான் கட்டி தட்டிடுச்சு. துகள் தனித்தனியா பிரிஞ்சு நின்னாத்தான் வேலை செய்யும்."

அவளே அளந்து, மிஷினில் வெகுநேரம் கலக்கி ஒரு பலகை செய்தாள். பவுடர் இல்லாத பலகையைத் தாவீது செய்தார். சுத்தியல் விழுந்ததும் பிளந்தது தாவீதின் பலகை. அவளுடையதில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். தாவீது சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆனந்தன் படகின் மூக்குக்கு அந்த ரெசினையே போட்டார், பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு. படகு எடுக்க வந்த ஆனந்தனோ மூலையில் கிடந்த மூட்டையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, நீயே பவுடரா?"

"இது வேற பவுடர்பா. பலத்துக்கு."

"ஏமாத்துறவன் அல்லாரும் அப்டித்தான் சொல்வான்னு நீதான சொன்ன?"

ஆனந்தன் சுத்தியலை எடுத்துப் புதுப்படகின் மூக்கிலேயே ஓங்கி அடித்தார். தாவீது கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு அடி. ஆனந்தன் தழும்பைத் தடவிப் பார்த்தார்; விரிசல் இல்லை.

"படக எட்த்துக்கிறேன். ஆனா பவுடர்னு வெளிய சொல்லாத. நாளைக்கு விக்கப்போனா எவனும் வாங்கமாட்டான்."

"நீ சொல்லாம இருப்பியா?"

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்?"

படகைத் தண்ணீரில் தள்ளும்போது கரையில் நின்றவர்கள் அதன் மூக்கைப் பார்த்தார்கள். தாவீது ஆனந்தனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.